இன்ஸ்பெக்டர் ஆடிய வழக்கு

பம்பைக்காரர் உலகநாதனை வில்லியனூர்ச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினால் பத்து நிமிடத்தில் யார் மேலாவது அம்மன் வந்துவிடும். நாக்கைத் துருத்திக்கொண்டு, சூலத்தைத் தூக்கிக்கொண்டு மேலே பாய்கிறவர்களுக்கு நேரே நின்று இருபத்தைந்து வருடம் அசராமல் அடித்த மனிதர். அப்பேர்ப்பட்டவர் இப்போது வாசலில் கூரியர்க்காரர் பைக்கை நிறுத்தினாலே எழுந்து கைகட்டி நிற்கிறார். ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்குகிற காவலாளிக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் அந்தத் தெருவையே கடக்கிறார். சட்டை காக்கியாக இருந்தால் போதும், அதற்குள் இருப்பது யாரென்று பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்க அரசாங்கம் படாத பாடு பட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டதனம்.

முந்தின வருடம் ஆடி மாதம். பாகூர்ப் பக்கம், மணப்பட்டுக்குப் போகிற வழியில் ஓர் ஊரில் அம்மனுக்குச் செடல் திருவிழா. உச்சி வெயிலில் அலகு குத்தியவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அதே நேரம் அந்த வழியாக ஒரு பெரிய மனிதரின் கார் போக வேண்டியிருந்தது. எந்தப் பெரிய மனிதர் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கார் வேறு வழியாகப் போய்விட்டது. ஆனால் வழியை ஒழுங்குபடுத்த இன்ஸ்பெக்டர் அன்புராஜ் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

“நிறுத்துடா அந்த மேளத்த” என்றார்.

உலகநாதன் நிறுத்தத்தான் போனார். பம்பைத் தொழிலில் ஒரே ஒரு விதி உண்டு. ஒருவர் மேல் சாமி வந்துவிட்டால், அது மலையேறுகிறவரை அடியை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் வந்த இடத்திலேயே சாமி சிக்கிக்கொள்ளும், ஆளுக்குக் கை கால் இழுத்துக்கொள்ளும் என்பது தொழில்காரர்களின் நம்பிக்கை. அந்த நிமிடம் யார் மேலும் வரவில்லை. அதனால் நிறுத்துவதில் தடை ஒன்றும் இல்லை. அதற்குள் இன்ஸ்பெக்டர், இவன் என்ன இன்னும் நிறுத்தவில்லை என்ற கோபத்தில், கற்பூரப் புகைக்குள் நாலு எட்டு வைத்துப் பம்பைக் குச்சியைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

முதலில் தொப்பி விழுந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு, பூட்ஸ் போட்ட இரண்டு காலும் தாளத்துக்குச் சரியாகத் தரையில் விழ ஆரம்பித்தன.

“எனக்குக் கூழு ஊத்தாம வுட்டீங்களேடா” என்று அவர் வாயிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நிறுத்தினால் இன்ஸ்பெக்டருக்குக் கை கால் இழுத்துக்கொள்ளும், அந்தப் பழி உலகநாதன் தலையில் விழும். சாமி வந்தது போலீஸ்காரர் மேல் என்றால் மட்டும் நிறுத்திக்கொள்ளலாம் என்று தொழிலில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் அடித்தார். இருபத்திரண்டு நிமிடம் அடித்தார். பெண்கள் இன்ஸ்பெக்டரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, லத்தியில் வேப்பிலை சொருகிக் கொடுத்தார்கள். அமுதம் என்கிற அம்மாள் விழுந்து கும்பிட்டு, காணாமற்போன தன் வெள்ளாட்டைப் பற்றிக் கேட்டார். “கெழக்கால போ, வேலிக்கு அந்தாண்ட நிக்குது” என்று வாக்கு வந்தது. போய்ப் பார்த்தால் நின்றுகொண்டிருந்தது. அந்த ஸ்டேஷன் அந்த வருடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்த ஒரே பொருள் அந்த ஆடுதான்.

எவனோ ஒரு புண்ணியவான் அதில் நாற்பத்தேழு நொடியைக் கைப்பேசியில் பிடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் அது ஒரு குத்துப்பாட்டோடு சேர்ந்து எல்லார் கையிலும் ஓடியது. இன்ஸ்பெக்டருக்கு மேலே இருக்கிற அதிகாரிகளின் கைகளிலும் ஓடியது. மறுநாள் காலையில் உலகநாதனைக் கைது செய்தார்கள். பம்பையையும் சேர்த்துக் கைது செய்தார்கள் என்றே சொல்ல வேண்டும். வழக்கில் அதற்குச் சான்றுப்பொருள் எண் ஒன்று என்று பெயர். ஸ்டேஷனில் பழைய பொருள் போடுகிற அறையில் வைத்துப் பூட்டினார்கள். செவ்வாய், வெள்ளிகளில் ஏட்டு யாருக்கும் தெரியாமல் அதன் முன்னால் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்துவிட்டுப் போவார்.

பத்தொன்பது நாள் ரிமாண்டில் இருந்தார் உலகநாதன். இரண்டாம் பிளாக். உள்ளே யாரும் அவரை அடிக்கவில்லை. ஒருநாளைக்கு ஐந்து தடவை தலையை எண்ணினார்கள், அவ்வளவுதான். அவரைக் கிலி பிடிக்க வைத்தது வேறு. பக்கத்தில் படுத்திருந்தவர்களிடம் பொழுதுபோகாமல், “நீங்க எப்ப வெளிய போவீங்க?” என்று கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஐந்து வருடமாக இருப்பவருக்கும் தெரியவில்லை, போன வாரம் வந்தவருக்கும் தெரியவில்லை. தண்டனை கொடுத்து உள்ளே வைத்திருப்பவர்களுக்காவது தேதி உண்டு. இவர்களுக்கு இன்னும் தண்டனையே கொடுக்கவில்லை, அதனால் முடிகிற தேதி எங்கிருந்து வரும்? ஜாமீனில் வெளியே வந்த அன்று மனைவி செங்கமலத்திடம் அவர் சொன்னது ஒன்றுதான்.

“இன்னொருக்கா உள்ள வெச்சாங்கன்னா நான் செத்துருவேன் செங்கமலம். வேற எதுவும் இல்ல, அந்தப் பயத்துலயே செத்துருவேன்.”

“செத்தா நான் இன்னா பண்றதாம்?” என்றாள் அவள். “கம்முனு சோறு துன்னு.”

வழக்கு ஏழே வாரத்தில் முடிந்தது. அந்த வட்டாரத்தில் இப்படியொரு வேகத்தை வக்கீல்கள் பார்த்ததில்லை. குற்றப்பத்திரிகை இப்படிச் சொன்னது: ‘சீருடையில் பணியிலிருந்த அரசு ஊழியரின் கை, கால், தோள், இடுப்பு ஆகியவற்றை, அவரது சம்மதம் இல்லாமல், ஒலியைக் கருவியாகக் கொண்டு பலவந்தமாக இயக்கியது.’ இன்ஸ்பெக்டர் அன்புராஜ் கூண்டில் ஏறி, நெஞ்சை நிமிர்த்திச் சாட்சி சொன்னார்.

“நான் ஆடவில்லை. ஆட்டப்பட்டேன். என் இருபத்திரண்டு வருட சர்வீஸில் மேலிடம் சொல்லாமல் நான் ஒரு அடிகூட எடுத்து வைத்ததில்லை.”

உலகநாதனுக்கு இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீல் டேனியல். சின்ன வயதுக்காரர், ஓட்டை ஸ்கூட்டர் வைத்திருந்தார். ஆடியது அம்மன், என் கட்சிக்காரர் அல்ல என்று அவர் வாதாடினார். வெளியே வந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“கோயில் நெலம் அம்மன் பேர்லதாண்ணே இருக்குது. வரி ரசீது அம்மன் பேர்ல வருது. அம்மன் கேஸு போடலாம், அம்மன் மேல கேஸும் போடலாம். சாட்சியா மட்டும் சேக்க முடியாதாம். ஆதார் இல்லையாம்.”

தீர்ப்பு தெளிவாக இருந்தது. சாமி வருதல் என்ற ஒன்றைச் சட்டம் அறியாது. எனவே சம்பவ இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்: அடித்தவர், ஆடியவர். ஆடியவர் மாசற்ற அதிகாரி, தானாக ஆடக் கூடியவர் அல்லர். எனவே அடித்தவர்தான் ஆட்டினார். ஆறு மாதம். டேனியல் ஓடியாடி மேல்முறையீடு போட்டு, அது முடிகிறவரை தண்டனைக்குத் தடை வாங்கினார். நிபந்தனை, திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்து.

திங்கட்கிழமை கையெழுத்துக்கு உலகநாதன் ஞாயிற்றுக்கிழமையே பயப்பட ஆரம்பித்துவிடுவார். நண்டுக்குழம்பு வைத்தாலும் இறங்காது. போய் நின்றால் இன்ஸ்பெக்டர் மேசையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே இவரைப் பார்ப்பார். தட்டுகிறோம் என்று தெரிந்ததும் சட்டென்று கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொள்வார்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் ஜெயசித்ரா மேடம் வந்தார்.

நீதி நல்வழித் துறை என்று ஒன்று இருக்கிறது. அதில் அவர் இணை இயக்குநர். நீதிச் சீர்திருத்த விழிப்புணர்வு மாதம் கொண்டாட மேலிருந்து உத்தரவு. ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்திலும் திருந்திய குற்றவாளி ஒருவரை மேடையேற்றிப் பேச வைக்க வேண்டும். மேடம் எல்லா ஸ்டேஷனிலும் கேட்டுப் பார்த்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் எக்கச்சக்கம். தீர்ப்பு வந்தவர்கள்தான் கிடைக்கவில்லை.

“எல்லாக் கேஸும் நடந்துட்டே இருக்கு” என்று இன்ஸ்பெக்டரிடம் வருத்தப்பட்டார். “தீர்ப்பு வந்தாதானே குற்றவாளி, குற்றவாளி ஆனாதானே திருந்த முடியும்? எவ்வளவு பெரிய ஏரியா, ஒரே ஒரு ஆள் தேறல.”

இன்ஸ்பெக்டர் வாசலில் கைகட்டி நின்ற உலகநாதனைக் காட்டினார். மேடத்தின் முகம் மலர்ந்தது.

“நீங்கதான் குற்றவாளியா?”

“அப்பீலு போட்டுருக்கங்க மேடம்.”

“தாராளமா போடுங்க. அப்பீல் உங்க உரிமை, திருந்துறது உங்க கடமை.”

ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ‘செய்த குற்றம்’ என்று ஒரு கட்டம். பக்கத்தில் ‘திருந்திய தேதி’ என்று ஒரு கட்டம். உலகநாதன் அதை மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் டேனியலைத் தேடி ஓடினார்.

“குத்தத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லிடாதண்ணே” என்றார் டேனியல். “நீயே மேடைல ஒத்துக்கினா அப்பீலு அதோட காலி. உள்ளதான்.”

“அப்ப நான் போவல.”

“போவலன்னா திருந்தல, ஜாமீன ரத்து பண்ணுன்னு எழுதிருவாங்கோ. அப்பவும் உள்ளதான்.”

உலகநாதன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “போனாலும் உள்ள, போவாட்டியும் உள்ளன்னா நான் இன்னா சார் பண்றது?”

டேனியல் நகத்தைக் கடித்தார். “போ. பேசு. ஒன்னப் பத்தி மட்டும் பேசாத. வேற யாரப் பத்தியாவது பேசு. படிவத்துல கையெழுத்து போடாத.”

கையெழுத்து இல்லாத படிவத்தைப் பார்த்து மேடம் கவலைப்படவில்லை. ‘உலகநாதனுக்காக’ என்று தானே ஒரு கையெழுத்துப் போட்டார். திருந்திய தேதி என்கிற கட்டத்தில் விழா நாளையும், நேரம் காலை பத்தரை என்றும் எழுதினார். பத்து மணிக்கு விழா தொடங்குவதாக அழைப்பிதழில் இருந்தது.

வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் பேனர், அதில் உலகநாதனின் படம், கீழே ‘நீதித் தூதுவர்’ என்று பட்டம். ரிமாண்டில் எடுத்த படம் அது, மார்பில் பலகையோடு. பலகையை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ரோஜாப்பூ போட்டிருந்தார்கள்.

ஜெயசித்ரா மேடம் நன்றாகப் பேசக் கூடியவர்.

“வழக்குகள் தாமதமாகின்றன என்று சிலர் குறை சொல்கிறார்கள். நாங்கள் அதை அப்படிப் பார்ப்பதில்லை. திருந்துவதற்கு நாங்கள் அவகாசம் தருகிறோம். விசாரணை தொடங்குவதற்கு முன்பே எட்டு வருடமாகத் திருந்திக்கொண்டிருக்கிறவர்கள் நம் சிறையில் இருக்கிறார்கள். உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும் இந்த வாய்ப்பு?”

கைதட்டல்.

இன்ஸ்பெக்டர் அன்புராஜும் பேசினார். “எங்களிடம் ஏழை பணக்காரன் என்ற பாகுபாடு கிடையாது. ஜாமீனுக்கு ஆள் கொண்டுவராதவன் எவனாக இருந்தாலும் உள்ளேதான் வைப்போம். என்னைப் பலர் முன்னிலையில் ஆட்டிவைத்த இந்த உலகநாதனை நான் மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த வீடியோ வைத்திருப்பவர்களை மன்னிக்க மாட்டேன். அரங்கத்தில் வைத்திருப்பவர்கள் இப்போதே அழித்துவிடுவது நல்லது.”

அரங்கத்தில் பாதிப்பேர் கைப்பேசியை எடுத்தார்கள். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டதால் நாலைந்து மூலைகளிலிருந்து பம்பைச் சத்தம் கிளம்பியது. மேடையில் இன்ஸ்பெக்டர் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது தூதுவர். உலகநாதன் மைக்கைப் பிடித்தார். என்னத்தைச் சொல்வது? தன்னைப் பற்றிச் சொன்னால் ஜெயில். சொல்லாமல் நின்றால் ஜெயில். வேறு யாராவது, வேறு யாராவது என்று தேடிய மனசுக்கு இரண்டாம் பிளாக்கில் பக்கத்தில் படுத்திருந்த ஆள்தான் தட்டுப்பட்டார்.

“எனுக்கு... எனுக்கு என்னப் பத்தி ஒண்ணும் சொல்லத் தெரியாதுங்க. உள்ள நவாஸுன்னு ஒருத்தரு இருக்காரு. செல்லு ரிப்பேரு கட வெச்சிருந்தவரு. எவனோ குடுத்த திருட்டு செல்ல வாங்கிட்டாருன்னு கேஸு. ரெண்டு வருசம் ரெண்டு மாசமா உள்ள இருக்காரு. ஜாமீனு குடுத்துட்டாங்க, கையெழுத்து போட ரெண்டு பேரு கெடைக்கல. மொதோ தடவ கேஸுல வந்தவங்க, அந்தக் கேஸோட பெரிய தண்டனைல மூணுல ஒரு பங்கு நாளு உள்ள இருந்துட்டா வுட்டுறணுமாம், வக்கீலு சார் சொன்னாரு, சட்டமே இருக்குதாம். இந்தக் கேஸுக்கு மிஞ்சிப்போனா மூணு வருசம். கணக்குக்கு ஒரு வருசம். அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு. ஏன்னு தெரிலங்க. அவருக்கும் தெரில. அவ்ளோதாங்க.”

மேடை முழுக்கக் கைதட்டியது. தூதுவர் பேசி முடித்ததும் கைதட்ட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தது. அவர் என்ன பேசினார் என்பதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஆனால் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டுவிட்டார். மூன்றாம் நாள் கட்டம் கட்டிச் செய்தி வந்தது. பதினோராம் நாள் நவாஸைச் சத்தமில்லாமல் வெளியே விட்டார்கள். அவருடைய அம்மா ஜொஹரா பீவி, ஒரு டப்பா நிறைய நெய்ச்சோறோடு உலகநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் பழுப்பு நிறக் கவர். கவரைப் பார்த்ததும் சம்மன் என்று நினைத்து உலகநாதன் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டார். செங்கமலம் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, பயப்படாதீங்க” என்றார் ஜொஹரா பீவி. “இவுங்க பிள்ளைங்களும் உள்ளதான் இருக்காங்க. பேர மட்டும் எழுதிக்கங்க. அடுத்த கூட்டம் பாகூர்லயாமே.”

“நானு இன்னா பாயம்மா, பெரிய ஆளா? பயத்துல ஒளறுனேன்.”

“அதே மாரி இன்னொருக்கா ஒளறுங்க தம்பி.”

பாகூரில் உளறினார். கரையாம்புத்தூரில் உளறினார். காட்டேரிக்குப்பத்தில் உளறும்போது, பயத்தில் பெயர்கள் மறந்துபோகும் என்று செங்கமலம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு தடவை மேடையேறும்போதும் வயிற்றுப்போக்கு. கீழிருந்து காக்கிச் சட்டை ஒன்று எழுந்தால் பேச்சு நின்றுவிடும். அது தண்ணீர் குடிக்கப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் தொடரும். ஆனாலும் ஒவ்வொரு மேடையிலும் ஒன்றிரண்டு பெயர், எத்தனை நாள் உள்ளே, எதற்காக, சட்டம் என்ன சொல்கிறது. டேனியல் ராத்திரி பகலாக அவற்றுக்கு மனு எழுதினார். ஐந்து பேர் வெளியே வந்தார்கள்.

துறை இதைத் தன் சாதனை என்று அறிவித்தது. ‘ஒரு குற்றவாளி திருந்தியதன் பயனாக ஐந்து பேர் விடுதலை’ என்று அறிக்கை போனது. ஐந்து பேரை இத்தனை காலம் உள்ளே வைத்திருந்தது யார் என்ற கேள்வி அறிக்கையில் இல்லை. ஜெயசித்ரா மேடத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மேல்முறையீட்டுக்குத் தேதி வந்தது. மேடம் பதறிப்போய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“வாபஸ் வாங்கிடுங்க உலகநாதன். ஏற்கெனவே உள்ள இருந்த நாளே தண்டனைன்னு நாங்க எழுதித் தர்றோம், நீங்க மறுபடி போகவே வேணாம். நிரந்தரத் தூதுவர். அடையாள அட்டை.”

“நான் ஜெயிச்சிட்டா மேடம்?”

“ஜெயிச்சிட்டா நீங்க யாரு? வெறும் ஆளு. குற்றமே செய்யாத ஆள் பேச்ச யார் கேப்பாங்க? அதுக்கு மேடை போட எங்ககிட்ட நிதி ஒதுக்கீடே கிடையாது.”

உலகநாதன் ஆடிப்போய்விட்டார். மேடம் சொல்வதில் நியாயம் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஜெயில் இல்லை. தோற்றால் ஆறு மாதம். பேனாவைக்கூடக் கையில் வாங்கிவிட்டார். செங்கமலம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஆட்டுனியா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“அப்பறம் இன்னாத்துக்குக் கையெழுத்து?”

“பயமா இருக்குதுடி.”

“எனுக்கும்தான் பயமா இருக்குது” என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. பேனாவை மேடத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மேல்முறையீட்டில் அரசு வக்கீல் ஒரே வாதத்தோடு வந்தார். “மனுதாரர் நான்கு அரசு மேடைகளில் திருந்தியவராகப் பேசியிருக்கிறார். குற்றம் செய்யாமல் ஒருவர் எப்படித் திருந்த முடியும்?”

நீதிபதி வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அந்த நாற்பத்தேழு நொடியைப் போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். கடைசித் தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“பம்பைக்காரர் ஆறடி தள்ளி நிற்கிறார். இன்ஸ்பெக்டரை இவர் எந்த இடத்தில் தொடுகிறார்?”

“தொடவில்லை, கனம் கோர்ட்டாரவர்களே. அடிக்கிறார்.”

“யாரை?”

“பம்பையை.”

“பம்பை புகார் கொடுத்திருக்கிறதா?”

பதினொரு நிமிடத்தில் விடுதலை. கோர்ட் வாசலில் உலகநாதன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். பம்பை திரும்பக் கிடைத்தது. பூசை நின்றுபோகிறதே என்று ஏட்டுக்கு மட்டும் வருத்தம். அன்று வீட்டில் நண்டுக்குழம்பு, ரொம்ப நாளைக்குப் பிறகு அது இறங்கியது. மறுநாள் கவர்க்காரர்கள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். இனிமேல் மேடை கிடையாது என்று சொன்னால், அதனால் என்ன, பஸ் நிலையத்தில் நின்று பேசுங்கள் என்றார் ஜொஹரா பீவி. உலகநாதனும் ஒரு சனிக்கிழமை காலையில், நடுங்கிக்கொண்டே, அங்கே நின்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த புதன்கிழமை ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் அன்புராஜ், பின்னால் ஏட்டு, ஏட்டின் கையில் மூன்று பக்கம்.

“உலகநாதன், உன் மேல ஒரு புகார்” என்றார் இன்ஸ்பெக்டர். முன்பைவிட மரியாதையாகத்தான் பேசினார். “நீதி நல்வழித் துறை குடுத்திருக்காங்க. படிக்கிறேன் கேட்டுக்க. ‘மேற்படி நபர் குற்றமற்றவர் என்பது இப்போது உறுதியாகியுள்ளது. குற்றமற்றவராக இருந்துகொண்டே, தன்னைத் திருந்திய குற்றவாளியாகக் காட்டி, நான்கு அரசு விழாக்களில் ஆள்மாறாட்டம் செய்து, அரசை ஏமாற்றி, மாலை, சால்வை, மதிய உணவு ஆகியவற்றைப் பெற்றுள்ளார்.’”

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். செங்கமலம் டேனியலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“வாயத் தொறக்காதண்ணே” என்றது போன். “இதோ வண்டிய எடுத்துட்டேன். நான் வர்ற வரிக்கும் வாயத் தொறக்காத. இதுலயும் ஜெயிலு இருக்குது.”

உலகநாதன் வாயைத் திறக்கிற நிலையில் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூணே கேள்வி” என்றார் இன்ஸ்பெக்டர். “அந்த மேடைல பேசுனது நீதானே? இல்லன்னு சொன்னா இல்லன்னு எழுதிக்கிறேன். எங்களுக்கும் வேல மிச்சம். யாரோ சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னாலும் சரி. பேசுனது தப்பு, இனிமே பேச மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா இன்னிக்கே மூடிடலாம்.”

தப்பிக்க வழி திறந்திருந்தது. உலகநாதன் அதைப் பார்த்தார். வாசலில் நின்ற கவர்களையும் பார்த்தார். இவ்வளவு நாளாக, செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லச் சொல்லித் தொண்டை வற்றிப்போயிருந்தது. இப்போதுதான் முதல்முறையாக, அவர் உண்மையிலேயே செய்த ஒன்றைப் பற்றிக் கேட்கிறார்கள்.

“நான்தாங்க பேசுனேன்” என்றார்.

“அண்ணே” என்று அலறியது போன்.

“யாரும் சொல்லிக் குடுக்கலங்க. நானாத்தான் பேசுனேன். தப்புன்னு நெனைக்கல. போன சனிக்கெழம பஸ் ஸ்டாண்டுலயும் பேசுனேன், அது உங்க பேப்பர்ல இல்ல, அதையும் சேத்துக்கங்க. இனிமேயும் பேசுவேன்.”

எழுதிக்கொண்டிருந்த ஏட்டின் பேனா நின்றது, இன்ஸ்பெக்டர் உலகநாதனையே பார்த்தார். அடிக்காமல் மிரட்டாமல் ஒருவன் ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை.

“தெரிஞ்சுதான் சொல்றியா? உள்ள போடுவாங்க.”

“தெரியுங்கய்யா.” உலகநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குரல் கிறீச்சென்று உடைந்தது. “ரொம்பப் பயமா இருக்குதுங்க. ஒரே ஒரு ஒத்தாச மட்டும் பண்ணுங்க. போட்டா இந்தத் தடவ மூணாம் பிளாக்குல போடச் சொல்லுங்க. ரெண்டாம் பிளாக்குல எல்லார் பேரையும் கேட்டுட்டேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. இதையும் எழுத வேண்டுமா என்று ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.